வெண்கலம் பாடாத கிறிஸ்துமஸ்

மொத்தக் காய்கறிச் சந்தையில் அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வெண்கலம் என்றால்தான் தெரியும். ஏலம் கூறுவது அவர் தொழில். பொழுது விடிகிற நேரத்தில் லாரிகள் வந்து நிற்கும். உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் ஏறி நின்று அவர் விலை சொல்ல ஆரம்பித்தால், வெளியே டீக்கடையில் நிற்பவனுக்குக்கூட இன்றைக்குக் கிழங்கு ஏறுமா இறங்குமா என்று தெரிந்துவிடும். தகரக் கூரை அதிரும். கூரையில் இருந்த புறாக்கள் பழகிவிட்டன. புதிதாக வந்த லாரி டிரைவர்கள்தான் திடுக்கிட்டார்கள்.

அதே குரல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்குப் பின்னால் இருந்த கோயிலில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரல் பாடியது. கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் குழந்தை இயேசு பிறந்த கதையை வாசிப்பது பல வருடங்களாக அவர் பொறுப்பு. நோயாளி வீடு, துக்க வீடு எல்லாவற்றிலும் முதல் ஜெபம் அவருடையது. "இவர் ஜெபம் பண்ணா நோயாளி பிழைக்கிறாரோ இல்லையோ, தூங்க மாட்டாரு" என்று அவர் மனைவியே சொல்வாள். அவருக்கு அதில் வருத்தமில்லை. கடவுள் தன்னை ஒரு குரலாகத்தான் படைத்தார், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு ஒரு உடம்பையும் சேர்த்துக் கொடுத்தார் என்று அவர் மனதார நம்பினார்.

அந்த வருடம் குரல் கரகரத்தது. மிளகு, தேன், வெந்நீர் என்று வீட்டு வைத்தியம் எல்லாம் ஓய்ந்தபின் தொண்டை டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். உள்ளே குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் கட்டி இருக்கிறது என்றார். எடுத்தார்கள். பரிசோதனையில் கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. மனைவி கைகூப்பினாள். அவரும் கூப்பினார். அதன்பிறகுதான் டாக்டரம்மா மீதியைச் சொன்னார். கொஞ்ச நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பிறகு நாங்கள் சொல்லும்போது மெதுவாக ஆரம்பிக்கலாம். பேச்சு வரும். ஆனால் கூவுகிற வேலை, உச்சத்தில் பாடுகிற வேலை இரண்டும் இனிமேல் கிடையாது.

கட்டி போனதற்குக் கும்பிட்ட கை அப்படியே கீழே இறங்கியது.

சந்தையில் அவரை யாரும் கைவிடவில்லை. வாசலில் நின்று வருகிற மூட்டைகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுகிற வேலை கொடுத்தார்கள். ஏலம் கூற வேறொருவர் கையில் ஒலிபெருக்கியோடு ஏறினார். அது இரண்டு நாளுக்கு ஒருமுறை பேட்டரி தீர்ந்து இளைத்துப் போகும். "வெண்கலத்துக்கு எப்பவாவது பேட்டரி மாத்தியிருக்கோமா?" என்று சுமை தூக்குகிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், சத்தமில்லாமல். ஆனால் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார். இந்த வருடக் கிறிஸ்துமஸுக்குத் தான் கோயில் பக்கம் போவதில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத காலி மூட்டையைக் கொண்டுபோய்க் கடவுள் முன்னால் எதற்கு வைப்பது?

அந்த முடிவைக் கெடுத்தது அவர் கழுத்தில் மனைவி சுற்றிவிட்ட மப்ளர்.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கிறிஸ்துமஸ் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் கூட்டம். சபையில் முக்கால்வாசிப் பேர் சந்தைக்காரர்கள். செயலாளர் வெங்காய மொத்த வியாபாரி. சபைக் கூட்டத்தையும் அவர் ஏலம் போலத்தான் நடத்துவார். நட்சத்திரம் கட்ட யார், டீ போட யார், பாட்டு வண்டி ஓட்ட யார் என்று கேட்பார். சந்தையில் காதைத் தொட்டால் 'எனக்கு' என்று அர்த்தம். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் தள்ளினால் 'முடிந்தது, இனி யாரும் கேட்கக் கூடாது' என்று அர்த்தம். வெண்கலம் கொண்டுவந்த பழக்கம் இது. சத்தமான இடத்தில் வாயைவிடக் கை நம்பகமானது என்பார்.

கடைசியாக யாரும் எடுக்க விரும்பாத ஒரு வேலை மிஞ்சியது. டிசம்பரில் பாட்டுக் குழு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ப் பாடும். துக்கமோ நோயோ இருக்கிற சில வீடுகளில், இந்த வருடம் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீடுகளை அப்படியே தாண்டிப் போகக் கூடாது என்பதற்காக ஒருவர் தனியாகப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். வழக்கமாகப் போவது செயலாளரின் மனைவி. அவர் கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்.

"யார் எடுக்கறீங்க?" என்று செயலாளர் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கம்பளி மப்ளர் காதைக் குத்தியது. வெண்கலம் சொறிந்துகொண்டார்.

"படிஞ்சுது! வெண்கலத்துக்கு" என்று செயலாளர் மேசையைத் தட்டினார்.

வெண்கலம் பதறிப்போய் இரண்டு கைகளையும் முன்னால் தள்ளி, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். சபை முழுவதும் கைதட்டியது. ஏலத்தை அவரே முடித்து வைத்துவிட்டார் அல்லவா. புதிதாக வந்திருந்த போதகருக்குச் சந்தைப் பாஷை தெரியாது. ஆசீர்வாதம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஆமென் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் எழுதி மனைவியிடம் காட்டினார்: பேச முடியாதவனை ஆறுதல் சொல்ல அனுப்புகிறார்கள். நொண்டியைத் தபால் கொடுக்க அனுப்புவது மாதிரி. மனைவி தையல்காரி. டிசம்பரில் ஊர் முழுவதற்கும் புதுத் துணி அவள் மெஷினில்தான் ஓடும். தேவதூதர் வேஷத்துக்கு வெள்ளைத் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், சிலேட்டைப் பார்த்துவிட்டு, ஏலத்தில் எடுத்த மூட்டையைத் திருப்பித் தருவது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

முதலில் போனது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் வீட்டுக்கு. கண் ஆபரேஷன் ஆகி இரண்டு கண்ணிலும் கட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். இவர் சிலேட்டை நீட்டினார். டீச்சர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு? வாயத் திறந்து சொல்லுங்களேன்" என்றார். இவருக்குப் பேசத் தடை, அவருக்குப் பார்க்கத் தடை. கடைசியில் டீச்சர் கையைத் தடவிப் பார்த்து, சுண்ணாம்புத் தூளையும் காய்ப்பையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு டீ ஆறும்வரை தன் பழைய மாணவர்களைப் பற்றி அவரே பேசினார். இவர் கிளம்பும்போது, "உங்களோட பேசிக்கிட்டிருந்தது நல்லா இருந்துச்சு" என்றார். வெண்கலம் தெருவில் இறங்கி நடக்கையில் வெகு நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் அது வெறும் வேடிக்கை, ஊழியம் ஆகாது என்றுதான் நினைத்தார்.

அடுத்த வீடு தராசுக்காரருடையது. அந்த வீட்டை நினைத்துத்தான் அவர் பயந்தார்.

சந்தையில் இவர் விலை கூறுவார், அவர் எடை சொல்வார். ஒரே மேடையில் இத்தனை வருடமாக நின்றும் எடையைத் தவிர அவர் வாயிலிருந்து அதிகம் வந்ததில்லை. அவர் மனைவி பாடகர் குழுவில் இரண்டாம் குரல். மெட்டைப் பாடுகிற பெண்களுக்குக் கீழே நின்று தாங்கிக்கொடுக்கிற குரல் அது. அந்த வருடத்தின் நடுவில் ஒரு காலை வேளையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் களைப்பாக இருக்கிறது என்று படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று வெண்கலம் செய்த ஜெபத்தை இன்றும் சொல்வார்கள். ஒலிபெருக்கி வைக்காமலே கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்டது. தராசுக்காரர் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு வந்தார், நிறுத்தார், வீட்டுக்குப் போனார். கோயிலுக்கு வருவது நின்றுபோனது. பாட்டுக்காரர்கள் தன் வாசலில் நிற்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லியிருந்தார்.

மத்தியானம் சந்தை ஓய்ந்தபின் வெண்கலம் போய்க் கதவைத் தட்டினார். தராசுக்காரர் கதவைப் பாதி திறந்து, மீதியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஜெபம் பண்ண வந்தியா?"

வெண்கலம் இல்லை என்று தலையாட்டித் தொண்டையைக் காட்டினார்.

"புத்தி சொல்ல?"

அதற்கும் தலையாட்டினார்.

"அப்ப வா" என்று தராசுக்காரர் கதவை முழுதாகத் திறந்தார்.

சமையலறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருந்தது. அதைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு உட்காரச் சொன்னார். ஜன்னல் விளிம்பில் ஒரு மூக்குக் கண்ணாடி, கால்களை மடிக்காமல், யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல் இருந்தது. தராசுக்காரர் கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். தடிமனாக உரித்தார். பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. குழாய் சொட்டியது. வெண்கலத்துக்கு வாய் நிறைய வசனம். கொதிக்கிற பானையின் மேல் உட்கார்ந்து மூடியை அழுத்திப் பிடித்திருப்பவர் மாதிரி இருந்தார். கிழங்கு உரிந்து முடிந்தது. "சரி" என்றார் தராசுக்காரர். அவ்வளவுதான். வெண்கலம் எழுந்து வந்துவிட்டார்.

அன்று சிலேட்டில் எழுதினார்: வீண். ஒன்றும் நடக்கவில்லை. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மனைவி மெஷினை நிறுத்தினாள். உதட்டுக்கு நடுவே குண்டூசிகள் இருந்ததால் பல்லைக் கடித்தபடியே பேசினாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். மாட்டுத் தொழுவத்துல, முன்னணையில படுத்திருந்த குழந்தை அன்னைக்கு யாருக்குப் பிரசங்கம் பண்ணுச்சு?"

பதில் எழுத அவர் சிலேட்டுக் குச்சியை எடுத்தார்.

"பாட்டெல்லாம் பாடினது வானத்துல. கீழ அது சும்மா படுத்திருந்துச்சு. பேசத் தெரியாது, கழுத்துகூட நிக்காது. கடவுள் நம்ம கூட இருக்காருன்னு வருஷா வருஷம் மைக் இல்லாம கத்தி வாசிச்சீங்களே, கூட இருக்கறதுன்னா என்னன்னு நெனச்சீங்க? போய்ச் சும்மா உக்கார மட்டும் உங்களுக்கு முள்ளா குத்துது?"

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வெண்கலம் சிலேட்டை அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தக் கதையை எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் சபை மூச்சைப் பிடிக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. அதில் நடுவே கிடந்த குழந்தை எதையும் சொல்லாமலே எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது என்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை. கூச்சமாக இருந்தது. கூடவே, குளிரில் நடந்து வந்தவன் அடுப்பருகே கை நீட்டியதுபோல் ஒரு இதம்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். உள்ளே இருந்த பானை இப்போது கொதிக்கவில்லை. சொட்டுகிற குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். துணி மலையிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து இருவரும் மடித்தார்கள். புடவை வந்தபோது தராசுக்காரர் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை நீட்டினார், வெண்கலம் பிடித்துக்கொண்டார். அறையின் குறுக்கே அது ஒரு நிமிடம் விரிந்து நின்றது. பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் சேர்த்து மடித்தார்கள். இதற்கிடையில் டாக்டரம்மா தொண்டையைப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது, இனி ஒன்றிரண்டு சொல் பேசலாம் என்று அனுமதித்தார். வெண்கலம் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரோ அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மெல்லிய, தேய்ந்த குரல். அவள் ஓடி வந்து, முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், தெருக்கோடியில் பாட்டு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. குழந்தைகள் பாட ஆரம்பித்தார்கள். தராசுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சாத்திய கையை எடுக்காமல் அங்கேயே நின்று பேசினார். வெண்கலம் கேட்டதிலேயே அவர் நீளமாகப் பேசியது அதுதான்.

மனைவி டிசம்பர் முழுவதும் இந்தச் சமையலறையில்தான் பாடிப் பழகுவாளாம். இரண்டாம் குரலை மட்டும் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காதாம். ஒரே இடத்தில் நிற்கும், திடீரென்று ஒரு படி இறங்கும், மறுபடி நிற்கும். இது என்ன பாட்டு, தண்ணி மோட்டார் மாதிரி, என்று இவர் கேலி செய்வாராம். கோயிலுக்கு வந்து கேட்டுப் பாருங்க, எல்லாரோடும் சேர்ந்தால்தான் இது புரியும் என்பாளாம்.

"வந்து கேட்டேன்யா. வருஷா வருஷம் கேட்டேன். அவ குரல் ஒரு தடவகூட என் காதுல விழல." ஜன்னலிலிருந்து திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. "உன் சத்தத்துல."

கடவுளுக்கென்று கொடுத்த குரல் யாரோ ஒருவருடைய காதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வெண்கலம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தராசுக்காரர் கையை அசைத்து அதை ஒதுக்கிவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அன்று உரித்த கிழங்குத் தோல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ எங்கய்யா இருக்கா? இப்ப, இந்த நிமிஷம்?"

சொல்வதற்கு வெண்கலத்திடம் எவ்வளவோ இருந்தது. அடக்கத்தன்று சொன்னவை அனைத்தும் வரிசையாக வந்து தொண்டை வாசலில் நின்றன. இப்போது பேச அனுமதியும் இருந்தது. ஆனால் ஒன்றிரண்டு சொல்லுக்குத்தான் அனுமதி. அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, இது எனக்கு உண்மையிலேயே தெரியுமா என்று கேட்டுப் பார்த்தார். நிறைய விழுந்துபோயின. ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடவுள்கிட்ட" என்றார்.

காற்று மாதிரி வந்தது. தராசுக்காரர் முன்னால் சாய்ந்தார். வெண்கலம் மறுபடி சொன்னார். "கடவுள்கிட்டதான்."

தராசுக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வெண்கலம் ஒரு கையை அந்தத் தோளில் வைத்து அப்படியே விட்டுவிட்டார். பாட்டு வண்டி வீட்டைத் தாண்டிப் போய், அடுத்த தெருவுக்குள் திரும்பி, சத்தம் தேய்ந்தது. தராசுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன. அன்னைக்குக் காது அடச்சுக்கிச்சு. இப்பதான் கேக்குது."

கிளம்பும்போது வாசல்வரை வந்து, கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலில் எங்கே நிற்பாய் என்று விசாரித்தார். வெண்கலம் தெரியாது என்று கையை விரித்தார்.

"பாடுவியா?"

"மாட்டேன்."

"அப்ப நானும் வரேன்" என்றார் தராசுக்காரர்.

அடுத்த நாள் போதகர் வீடு தேடி வந்தார். குரல் திரும்பிவிட்டதைக் கேள்விப்பட்டதாகவும், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிறப்பின் கதையை அவரே வாசித்துவிடலாம் என்றும், சபை முழுவதும் ஆசைப்படுவதாகவும் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் வெண்கலம் அந்த மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பார். இப்போது செயலாளரைக் கேளுங்கள் என்றார். வெங்காய வியாபாரிக்கு அந்த வாசிப்பின்மேல் நீண்டநாள் கண் என்பது அவருக்குத் தெரியும். மனைவி மெஷினிலிருந்து நிமிர்ந்து கணவனை ஒரு பார்வை பார்த்தாள். நிஜமாகவா என்று கேட்டது அந்தப் பார்வை. அவர் தலையாட்டினார். மனதில் எங்கும் வலிக்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் நிரம்பி வழிந்தது. புதுத் துணியின் கஞ்சி வாசனை, மெழுகுவத்தி வாசனை, குழந்தைகளின் அழுகை. செயலாளர் வாசித்தார். வெங்காயத்துக்கு விலை கேட்கிற வேகத்தில் மேய்ப்பர்களைப் பெத்லகேமுக்கு விரட்டினார். யாருக்கும் குறையில்லை. கதை அந்த வேகத்துக்குள்ளும் முழுதாக இருந்தது.

கடைசி பெஞ்சில் வெண்கலமும் தராசுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காக எல்லோரும் எழுந்தார்கள். தராசுக்காரர் மட்டும் எழவில்லை. வெண்கலம் அவருக்காக உட்கார்ந்தே இருந்தார். முன்னால் நின்ற முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாட்டு தொடங்கியது. வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாடி நரம்பெல்லாம் ஊறிய பாட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடக்கூடிய பாட்டு. ஆனால் அவர் அதைக் கேட்டதே இல்லை. இத்தனை வருடமும் கேட்டது தன் குரலை மட்டும்தான். இவ்வளவு அகலமான பாட்டா இது? எத்தனை பேர் இதற்குள் இருக்கிறார்கள்? பிசிறுகிற கிழக் குரல்கள், மெட்டை விட்டு ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வருகிற பிள்ளைக் குரல்கள், சுமை தூக்குகிறவர்களின் முரட்டுக் குரல்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அவர் தலைக்கு மேலே கூரை போட்டுக்கொண்டிருந்தன. பாடியே பழகிய ஒரு மனிதருக்காக, அந்தக் காலையில், ஊரே பாடிக்கொண்டிருந்தது. இறைவன் பிறந்தது உனக்காகவும்தான் என்று அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்குச் சொல்லப்பட்டு அதை வாங்கிக்கொண்டது இதுதான் முதல்முறை.

முழங்காலில் ஏதோ தட்டியது. தராசுக்காரரின் ஆள்காட்டி விரல். அவர் கண்ணை மூடியிருந்தார். விரல் வெண்கலத்தின் முழங்காலில் ஒரே இடத்தில் நின்றது, ஒரு படி இறங்கியது, மறுபடி நின்றது. வெண்கலம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டினார். முதலில் பிடிபடவில்லை. பிறகு மெட்டுக்குக் கீழே, யாரோ சில பெண்கள், அலட்டிக்கொள்ளாமல், அடக்கமாக ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போவது கேட்டது. விரல் இறங்கியபோது அந்த வரியும் இறங்கியது. அப்போது மேலே இருந்த மெட்டு பூப்போல விரிந்தது.

"கேக்குதா?" என்றார் தராசுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"கேக்குது."

பாட்டு முடிந்து சபை உட்கார்ந்தது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. தராசுக்காரர் முன்னால் சாய்ந்து, இன்னும் பாட்டு இருக்கிறதா என்று விசாரித்தார். நிறைய இருக்கிறது என்றார் வெண்கலம். தராசுக்காரர் மடித்து வைத்திருந்த சால்வையைப் பிரித்துப் போர்த்திக்கொண்டு, காலை நீட்டி, வசதியாக உட்கார்ந்தார்.